முகாமுக்குப் போன மகள்

பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள் என்று எங்கள் அம்மா அடிக்கடி சொல்வாள். சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், பிளஸ் ஒன் படித்துக் கொண்டிருந்த என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினபோதுதான் அந்த நெருப்பு எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரிந்தது.

"அம்மா, இதுல கையெழுத்துப் போடணும். என்.எஸ்.எஸ். முகாம். ஏழு நாள். பக்கத்துக் கிராமத்துல தங்கணும்."

என்.எஸ்.எஸ். என்றால் நாட்டு நலப்பணித் திட்டம். அவள் அதில் சேர்ந்திருப்பது எனக்குத் தெரியும். எப்போதாவது சனிக்கிழமை பள்ளிக்கூட வளாகத்தைச் சுத்தம் செய்தோம், மரக்கன்று நட்டோம் என்று சொல்வாள். அதோடு சரி என்று நினைத்திருந்தேன். ஏழு நாள், ஏழு ராத்திரி வெளியில் தங்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேதியைப் பார்த்தேன். அக்டோபர் 1 முதல் 7 வரை, காலாண்டு விடுமுறையில். நடுவிலே 4-ந் தேதி ஆயுத பூஜை. எங்கள் வீட்டுக்காரர் மாவு மில் வைத்திருக்கிறார். மில் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் பொங்கல், தீபாவளியைவிட ஒரு படி மேலே. மில்லைக் கழுவிக் கோலம் போட்டு, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை.

என் மாமியார் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண ஏழு ராத்திரி வெளியில விட்டுட்டு, நீ நிம்மதியாத் தூங்குவியா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அதே கவலை. அதற்கு மேலே இன்னொரு கவலை, படிப்பு. அந்த வருஷம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு இருந்தது. விடுமுறையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பெண் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் மார்க் என்ன ஆவது?

"வேணாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

மூடிய கதவு

காரணத்தைச் சொல்ல வேண்டும். கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது இவள் எட்டாம் வகுப்பு முடிக்கிற நேரம். ஒன்பதாம் வகுப்பைப் பெரும்பாலும் செல்போனிலேயே படித்தாள். பரீட்சை இல்லாமலே எல்லோரும் பாஸ். அந்தச் செல்போன் பாடத்துக்காகக் கைக்கு வந்தது. பாடம் முடிந்தபிறகும் கையை விட்டுப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். உறவுக்காரர்கள் வந்தால் "வாங்க" என்று ஒரு வார்த்தை. உடனே உள்ளே போய்விடுவாள். கெட்ட பெண் இல்லை. எதிர்த்துப் பேச மாட்டாள். ஆனால் எதிலும் ஒட்டாமல், யாரோ வீட்டுக்கு விருந்தாளியாய் வந்த மாதிரி இருந்தாள்.

நான் கண்டித்துப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். அவள் அப்பா போனைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு தாளை நீட்டி, "நான் போகணும்மா" என்று இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்றைக் கேட்கிறாள். எப்படி மறுப்பது?

"ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன் அவரிடம்.

"போய் டீச்சரைப் பாத்துப் பேசு. உனக்குத் திருப்தியா இருந்தா அனுப்பு" என்றார்.

மறுநாளே போனேன்.

டீச்சர் சொன்ன கணக்கு

இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியையைத் திட்ட அலுவலர் என்கிறார்கள். ரொம்பப் பொறுமையாகப் பேசினார். ஐம்பது பேர் கொண்ட பிரிவில் இருபத்தைந்து பேர் முகாமுக்கு வருகிறார்கள், கிராமத்துத் தொடக்கப் பள்ளிக் கட்டிடத்தில் தங்குகிறார்கள், இரவில் அவரும் இன்னொரு ஆசிரியையும் கூடவே படுத்துக் கொள்வார்கள் என்றார். கழிப்பறை, தண்ணீர், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்டேன். ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை.

"படிப்பு கெடுமே டீச்சர்?" என்றேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். "வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்யணும். ரெண்டு வருஷத்துக்கு 240 மணி. வாரத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, ரெண்டரை மணி நேரம்கூட வராது. டிவியில அஞ்சு சீரியல் பாக்கற நேரம்மா!" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஐந்து சீரியலையும் தினமும் பார்க்கிறவள் நானல்லவா!

அன்றைக்கு அவர் சொன்னதும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதும் சேர்த்து இங்கே சொல்கிறேன். நம்மில் பல தாய்மார்களுக்கு இந்தத் திட்டத்தின் பெயர் தெரியும், விவரம் தெரியாது.

மாணவர்கள் படிப்போடு ஜனங்களுக்குச் சேவையும் செய்ய வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். சுதந்திரத்துக்குப் பிறகு இதைப் பற்றிப் பல குழுக்கள் யோசித்தன. 1964 முதல் 1966 வரை நடந்த கோத்தாரி கல்விக் குழுவும், எல்லா நிலைகளிலும் மாணவர்கள் சமூக சேவையில் ஈடுபட வேண்டும் என்று சொன்னது. கடைசியில் காந்தி நூற்றாண்டு வருஷமான 1969-ல், செப்டம்பர் 24-ந் தேதி, அப்போது மத்தியக் கல்வி மந்திரியாக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 37 பல்கலைக் கழகங்கள், 40,000 மாணவர்கள். பிற்பாடு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இன்றைக்கும் செப்டம்பர் 24-ந் தேதியைத்தான் என்.எஸ்.எஸ். நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர்கள் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கிற சக்கரம், ஒடிசாவில் கொனார்க் சூரியன் கோயில் தேரின் சக்கரம். அதன் எட்டுக் கம்பிகளும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தயார் என்று அர்த்தம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது இவர்களுடைய கொள்கை வாக்கியம்.

தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். 1948-ல் ஏற்பட்ட மாணவர் படையில் அணிவகுப்பும் ராணுவ ஒழுங்கும் முக்கியம். சாரணியர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் சேரலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் விசேஷம் என்னவென்றால், ஒரு கிராமத்தையோ குடியிருப்பையோ தத்து எடுத்துக்கொண்டு, அங்கே உள்ள ஜனங்களோடு பழகி வேலை செய்ய வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏழு நாள் முகாம்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஏழு நாளும் என்ன செய்தார்கள்?

அங்கே தினமும் குறிப்பு எழுத வேண்டுமாம். அந்த நோட்டை அவள் அனுமதியோடு படித்துத்தான் இதை எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். வீட்டில் ஏழு மணிக்கு நான் மூன்று முறை கத்தினால்தான் எழுந்திருப்பவள்! பிரார்த்தனை, யோகாசனம், பிறகு தெரு பெருக்குவது அல்லது கோயிலில் உழவாரப் பணி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மதியம் வரை உடல் உழைப்பு. பிற்பகலில் யாராவது வந்து பேசுவார்கள். ஒரு நாள் டாக்டர், ஒரு நாள் வேளாண்மை அலுவலர், ஒரு நாள் தீயணைப்புத் துறைக்காரர்கள். சாயங்காலம் வீடு வீடாகப் போவது. ராத்திரி கலை நிகழ்ச்சி. படுக்கப் போகும் முன், அன்றைக்கு எது நன்றாக நடந்தது, எதில் சொதப்பினோம் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது.

சமையலும் முறை வைத்து அவர்களே. முதல் நாள் இவர்கள் முறை. இருபத்தைந்து பேருக்கு உப்புமா கிண்டினார்களாம். "அது உப்புமா இல்லம்மா, போஸ்டர் ஒட்டலாம்" என்று சொல்லிச் சிரித்தாள். தினமும் காலையில் தட்டில் வைத்ததைப் பாதி தின்றுவிட்டு எழுந்து போகிறவள், அந்தப் பசையை எல்லோரும் முகம் சுளிக்காமல் தின்றதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் காந்தி ஜெயந்தி. அன்றைக்கு ஊரில் கிராம சபைக் கூட்டம். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா எழுந்து, எங்கள் தெருக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சித் தலைவரை நேருக்கு நேராகக் கேட்டாராம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள்தான் என்று டீச்சர் விளக்கியிருக்கிறார். 'குடிமையியல் பாடத்தில் படித்தது இதுதானா!' என்று குறிப்பில் எழுதியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் டெங்கு வேலை. நான்கு நான்கு பேராகப் பிரிந்து வீட்டுக்கு வீடு போய், தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தார்கள். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நல்ல தண்ணீரில்தான் இடும், பகலில் கடிக்கும். கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, வெளியில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி எல்லாம் அதற்குப் பிரசவ வார்டு மாதிரி. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு தடவை தொட்டியை வெறுமனே கொட்டினால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற முட்டை அப்போதுதான் போகும். முகாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எங்கள் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டை இழுத்துப் பார்த்தது. தண்ணீரில் புழு நெளிந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்தேன், நம்ம வீட்டுலயேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆயுத பூஜை அன்று

நான்காம் நாள் மில்லில் பூஜையை முடித்துக்கொண்டு, பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஒரு பெரிய தூக்கில் போட்டுக்கொண்டு நானும் அவரும் முகாமுக்குப் போனோம். அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று ஆசை. ஆச்சரியப்பட்டது நான்தான்.

பள்ளிக்கூடத்தில் அவள் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில், எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டியோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசிக் கொண்டிருந்தாள். என் மகளா இது என்று நின்றுவிட்டேன்.

அந்தப் பாட்டிக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மகனும் மருமகளும் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள். அடுப்புப் பக்கம் போகாதே, தெருவுக்குப் போகாதே என்று பயத்தில் சொல்லிச் சொல்லி, பாட்டி திண்ணையோடு முடங்கிவிட்டார். "வயசானா கண்ணு போவும், அதுக்கென்ன செய்யறது" என்று எல்லோரும், பாட்டியும்தான், முடிவு கட்டிவிட்டார்கள். முந்தின நாள் டெங்குவுக்காகத் தொட்டியைப் பார்க்கப் போன என் மகளிடம், "யாரு அது? பக்கத்துல வா, தெரியல" என்று பாட்டி சொல்லியிருக்கிறார். கண்ணுக்குள் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து இவள் டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஆறாம் நாள் அந்த ஊரில் இலவசக் கண் பரிசோதனை நடப்பதாக ஏற்கெனவே ஏற்பாடு. பெயர்ப் பட்டியல் எழுதுவது இந்தப் பெண்கள் வேலை. பாட்டி மட்டும் வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று பயம். அதற்குத்தான் இவள் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறாம் நாள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேன் வரும் என்று ஏற்பாடு.

"வேன்ல ஏறிப் போறேன். ஆனா கண்ணு தெரிஞ்சதும் நீ வந்து என்னப் பாக்கணும்" என்றாராம் பாட்டி. "வர்றேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தாள் என் மகள்.

சொன்ன சொல்

முகாம் முடிந்தது. வீட்டுக்கு வந்தாள். முகம் கறுத்து, விரலில் சூட்டுக் காயத்தோடு, குரல் கட்டிப்போய் வந்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. தன் தட்டைத் தானே கழுவினாள். அப்பாவுக்கு மில்லில் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் பழைய பழக்கம் மெல்லத் தலைகாட்டியது. கதவு மறுபடி சாத்தத் தொடங்கியது. ஏழு நாளில் பிள்ளை தலைகீழாக மாறிவிடுவாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழு நாளில் விதைதான் போட முடியும்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விதை முளைத்ததைப் பார்த்தேன். பாட்டிக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டதாக டீச்சர் மூலம் தகவல். அன்றைக்கு டியூஷனில் இவளுக்குக் கணக்குப் பரீட்சை. காலையில் புறப்பட்டு நிற்கிறாள், டியூஷனுக்கு அல்ல, கிராமத்துக்கு.

"அதான் முகாம் முடிஞ்சு போச்சே! சர்டிபிகேட்டும் வந்துடும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றேன் நான்.

அவள் கோபப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வர்றேன்னு சொல்லிட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு நான் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். அவள் அதைச் செய்ய நிற்கும்போது தடுத்தது நானேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. புடவையை மாற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். பரீட்சையை மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று டியூஷன் சாரிடம் அவளே போனில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இவள் "பாட்டி" என்று கூப்பிட்டதும், கண்ணாடியைத் தூக்கி ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அது? கொரல வச்சு நல்ல ஒசரமா இருப்பேன்னு நெனச்சேன். இத்தனூண்டு இருக்க!" என்றார். என் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டாள், "நம்ம அப்பாயி பேப்பர ஜன்னல்கிட்ட கொண்டு போய் வச்சுத்தான படிக்குது? நாம யாராவது ஏன்னு கேட்டோமா?"

நாங்கள் யாரும் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரரான என் மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று தினமும் கூடவே இருக்கிற எனக்குத் தோன்றவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வரும், விழித்திரையும் பாதிக்கப்படலாம், ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். அடுத்த வாரமே அழைத்துக்கொண்டு போனோம். புரை ஆரம்பித்திருந்தது. பிறகு ஆபரேஷனும் ஆயிற்று. ஒரு மாதம் சொட்டு மருந்து போட்டது, குனியவிடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றவிடாமல் காவல் காத்தது எல்லாம் பேத்திதான். 'முகாமுக்கு அனுப்பாதே' என்று சொன்ன அதே மாமியார், மறு வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மாவிடம், "அனுப்பு, அனுப்பு, ஒண்ணும் ஆவாது" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

புரை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நன்றாக முற்றட்டும்' என்று காத்திருப்பது பழைய வழக்கம். இப்போது அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருக்கிறது என்றாலே டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம். பார்வையிழப்பைத் தடுக்க 1976-லேயே தேசியத் திட்டம் தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் இலவசமாகச் செய்யப்படுகிறது.

எல்லா முகாமும் நல்ல முகாமா?

இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். என் அண்ணன் மகன் வேறு ஊரில் படித்தான். அவன் போன முகாமில் முதல் நாள் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ, பிளீச்சிங் பவுடர் தூவுகிற மாதிரி போட்டோ. பிறகு ஏழு நாளும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அரட்டை. கடைசி நாள் சர்டிபிகேட். "சேவைன்னா இவ்வளவுதான் அத்தை" என்று அவன் சிரித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சேவை செய்யாத பிள்ளைகூடப் பரவாயில்லை. பொய்யாகச் சேவை செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளையைத் திருத்துவது கஷ்டம். ஆகவே அனுப்புவதற்கு முன் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்டவற்றையும், கேட்காமல் விட்டுப் பின்னால் தெரிந்துகொண்டவற்றையும் எழுதுகிறேன்.

* இரவில் கூடத் தங்கும் ஆசிரியைகள் யார் யார்? அவர்கள் போன் நம்பர் என்ன?

* தங்கும் இடத்தில் கழிப்பறை, கதவுத் தாழ்ப்பாள், விளக்கு, நல்ல குடிநீர் இருக்கிறதா?

* முதலுதவிப் பெட்டி உண்டா? ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம்?

* வேலையைத் தீர்மானித்தது யார்? அந்த ஊர் ஜனங்களைக் கேட்டுத் தீர்மானித்தார்களா?

* முகாம் முடிந்த பிறகும் அந்த ஊருக்குப் போவார்களா, அல்லது ஏழாம் நாளோடு சரியா?

பிள்ளைக்கு வீசிங், வலிப்பு, ஒவ்வாமை ஏதாவது இருந்தால் மறைக்காமல் ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருந்தையும் கொடுத்து அனுப்புங்கள். பையில் இரண்டு செட் பழைய பருத்தி உடை, போர்வை, தட்டு, டம்ளர், தொப்பி, டார்ச் லைட், வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்திரி, கொசுவுக்குத் தடவும் களிம்பு, பெண் குழந்தைகளுக்குத் தேதி எதுவானாலும் நாப்கின். நகை ஒரு குண்டுமணியும் வேண்டாம்.

திரும்பி வந்தபிறகு

முகாமைவிட முக்கியமானது அதற்குப் பிறகு வீட்டில் நாம் நடந்துகொள்கிற விதம் என்பது என் அனுபவம். அங்கே அவர்களை நம்பி இருபத்தைந்து பேருக்கு உலை வைக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நாம் "உனக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளு" என்கிறோம். பிறகு எப்படிப் பொறுப்பு நிலைக்கும்? கேஸ் புக் செய்வது, பாட்டியின் மாத்திரை நேரம், மின்சாரக் கட்டணம் என்று ஏதாவது ஒரு வேலையை முழுசாக அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். ஒரு தடவை தவறினால் தவறட்டும். 'இதைச் செய்தால் காசு தருகிறேன், போன் வாங்கித் தருகிறேன்' என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். பையனுக்கும் இதே சட்டம்தான். முகாமில் தன் தட்டைக் கழுவிய பையன் வீட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனால், குற்றம் அவன் மேல் இல்லை, அதை எடுத்துக் கழுவுகிற நம் மேல்.

மார்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிளஸ் ஒன்னில் நான் பயந்தபடி குறையவும் இல்லை, பிரமாதமாக ஏறவும் இல்லை. அவள் எப்போதும் வாங்குகிற மார்க்கைத்தான் வாங்கினாள். பிளஸ் டூ முடித்து இப்போது நர்ஸிங் படிக்கிறாள். அந்த ஆசை எங்கே பிறந்தது என்று நான் கேட்டதில்லை, தெரியும்.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் எல்லாம் கொடுக்கிறோம். சாப்பாடு, துணி, டியூஷன், போன். புத்திமதியும் வேண்டிய மட்டும் கொடுக்கிறோம். நம்மால் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. நம்மை எதிர்பார்த்து ஒரு ஜீவன் காத்திருக்கிறது என்கிற நினைப்பு. பெற்ற தாய் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. யாரோ ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, 'நீ வருவியா?' என்று கேட்டால்தான் அது வரும்.

அடுத்த காலாண்டு விடுமுறைக்கு முன்னால் உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டலாம், சகோதரிகளே. கேட்க வேண்டியதை எல்லாம் கேளுங்கள், பார்க்க வேண்டியதை எல்லாம் பாருங்கள். வயிற்றில் நெருப்பு இருக்கத்தான் செய்யும். அதோடேயே கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள்.